எழுதாமல் விட்ட வரிகள்: கராபாக் போர்நிறுத்தங்கள், 1994 முதல் 2025 வரை

1994 மே 9, 10, 11 ஆகிய மூன்று நாட்களில், மூன்று ஊர்களில், மூன்று பேர் ஒரே வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அசர்பைஜான் தலைநகர் பாகுவில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் மம்மத்ரஃபி மம்மதோவ். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் செர்ஜ் சர்கிசியான். ஸ்டெபனகெர்ட்டில் கராபாக் ஆர்மீனியப் படையின் தளபதி சம்வெல் பபயான். மூவரும் ஒரு மேசையில் உட்காரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. வாசகம் ஃபேக்ஸில் போனது, கையெழுத்தும் ஃபேக்ஸில் வந்தது. ரஷ்யாவின் சிறப்புத் தூதர் விளாதிமிர் கசிமிரோவின் கைக்கு வந்து சேர்ந்த மூன்று தனித்தனித் தாள்கள்தான் ஒப்பந்தம். மே 12 நள்ளிரவோடு துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதற்குள் சுமார் 30,000 பேர் இறந்திருந்தார்கள். இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 10 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடியிருந்தார்கள்.

அந்த மூன்று தாள்கள் 26 ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. 2020இல் இரண்டு நாட்டுத் தலைவர்களும் ரஷ்ய அதிபரும் சேர்ந்து கையெழுத்திட்டு, 1,960 அமைதிப்படையினரையும் காவலுக்கு நிறுத்திய அடுத்த ஒப்பந்தமோ மூன்று ஆண்டுகள்கூட நிற்கவில்லை. ஏன் இப்படி ஆனது என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வரி வரியாகப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது: எழுதிய வரிகளை மீறியதால் மட்டும் அடுத்த சண்டை வரவில்லை. எழுதாமல் விட்ட வரியில், அல்லது இரண்டு பொருள் வரும்படி விட்ட வரியில்தான் அது ஒவ்வொரு முறையும் பற்றிக்கொண்டது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகோர்னோ-கராபாக் ஒரு மலைப்பகுதி. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆர்மீனியர்கள். 1923இல் சோவியத் அரசு அதை அசர்பைஜான் குடியரசுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாக வைத்தது. சோவியத் ஒன்றியம் ஆட்டம் காணத் தொடங்கிய 1988 பிப்ரவரியில், அந்தப் பகுதியின் மன்றம் தன்னை ஆர்மீனியாவோடு இணைக்கும்படி தீர்மானம் போட்டது. சில நாட்களில் அசர்பைஜானின் சும்கயித் நகரில் ஆர்மீனியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஆர்மீனியாவிலிருந்த அசர்பைஜானியர்களும் அசர்பைஜானிலிருந்த ஆர்மீனியர்களும் கூட்டம் கூட்டமாக எதிரெதிர்த் திசையில் கிளம்பினார்கள். 1991 இறுதியில் ஒன்றியம் கலைந்ததும், ஒரு நாட்டின் உள்விவகாரமாக இருந்தது இரண்டு நாடுகளின் போராக மாறியது. ஊர்ப் பெயர்களில்கூட ஒப்புதல் கிடையாது: ஸ்டெபனகெர்ட் அசர்பைஜானியர்களுக்குக் கான்கெண்டி, ஷூஷி அவர்களுக்கு ஷூஷா. இங்கே நான் ஒன்றைச் சொல்வது மற்றதை மறுப்பதற்காக இல்லை.

பிஷ்கெக்குக்கு முன்

1994க்கு முன்னும் சமரச முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1991 செப்டம்பரில் ரஷ்ய அதிபர் யெல்த்சினும் கசகஸ்தான் அதிபர் நசர்பாயேவும் நேரில் வந்து, ரஷ்யாவின் ஷெலெஸ்னோவோத்ஸ்க் நகரில் இரு தரப்பையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட வைத்தார்கள். நவம்பர் 20 அன்று, அசர்பைஜான் உயரதிகாரிகளும் ரஷ்ய, கசகஸ்தான் பார்வையாளர்களும் சென்ற ஹெலிகாப்டர் கராபாக்கின் கரகெண்ட் கிராமத்துக்கு அருகே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அறிக்கையும் அதோடு முடிந்தது.

அடுத்தது ஈரானின் முறை. 1992 மே 7 அன்று தெஹ்ரானில் இரு தரப்பும் கூட்டறிக்கை வெளியிட்டன. மை காய்வதற்குள், மே 9க்குள், கராபாக்கின் கோட்டை நகரான ஷூஷா ஆர்மீனியப் படைகளின் கைக்குப் போய்விட்டது. பத்து நாளில் லாச்சினும் விழுந்தது. கராபாக்கையும் ஆர்மீனியாவையும் இணைக்கும் மலைச்சாலை லாச்சின் வழியாகத்தான் போகிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து எல்லாம் இதே சாலைக்குத்தான் வந்து சேரப்போகிறது.

1993இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நான்கு தீர்மானங்கள் நிறைவேற்றியது: 822, 853, 874, 884. கைப்பற்றிய பகுதிகளிலிருந்து வெளியேற வேண்டும் என்று நான்கும் சொல்லின. யார் வெளியேற்றுவது என்று ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் கெல்பஜார், பிறகு அக்தம், ஃபிசூலி, ஜெப்ராயில், குபத்லி, சங்கிலான் என்று கராபாக்கைச் சுற்றியிருந்த அசர்பைஜான் மாவட்டங்கள் ஒவ்வொன்றாக ஆர்மீனியப் படைகளின் கைக்குப் போயின.

மூன்று தாள்கள்

1994 மே தொடக்கத்தில், கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், முன்னாள் சோவியத் நாடுகளின் நாடாளுமன்றத் தலைவர்கள் கூடினார்கள். மே 5 அன்று ஓர் உடன்பாட்டு வரைவு மேசைக்கு வந்தது. ஆர்மீனிய நாடாளுமன்றத் தலைவர் பாப்கென் அரார்க்த்சியானும் கராபாக் தரப்பின் கரேன் பபுர்யானும் கையெழுத்திட்டார்கள். அசர்பைஜான் சார்பில் வந்தவர் தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பேனாவை எடுக்கவில்லை. கசிமிரோவ் விடவில்லை, தாளை எடுத்துக்கொண்டு பாகுவுக்கே போனார். மே 8 அன்று அங்கே நாடாளுமன்றத் தலைவர் ரசூல் குலியேவ் கையெழுத்திட்டார்.

அதற்கு முன் பாகு சில திருத்தங்கள் கேட்டது. அவற்றில் ஒன்று, கராபாக்கின் ஆர்மீனியத் தரப்பு கையெழுத்திடுகிறதென்றால், அங்கிருந்து விரட்டப்பட்ட அசர்பைஜானியர்களின் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டும் என்பது. அவருடைய பெயரும் தாளில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த நேரத்தில் ஆளைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. இன்றும் அந்தத் தாளில் அவர் பெயர் இருக்கிறது, பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. ஷூஷாவிலும் லாச்சினிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் வீட்டை இழந்தவர்களின் சார்பில் யாருமே ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தம் என்று அந்த வெற்றிடத்தை நான் பார்க்கிறேன். அவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கால் நூற்றாண்டு கூடாரங்களிலும் ரயில் பெட்டிகளிலும் பழைய விடுதிகளிலும் வளர்ந்த அந்தத் தலைமுறையின் கோபத்தைப் பாகுவின் எந்த ஆட்சியாளரும் மறக்கவோ கடக்கவோ முடியாமல் போனது.

பிஷ்கெக் தாள் அரசியல் விருப்பத்தைச் சொன்னது. தொடக்கத்தில் சொன்ன மூன்று ஃபேக்ஸ் தாள்கள் அதை ராணுவ உத்தரவாக மாற்றின. இரண்டிலும் இல்லாதவை எவை என்று பார்த்தால் பட்டியல் நீள்கிறது. அமைதிப்படை கிடையாது. இரு படைகளும் இத்தனை தூரம் பின்வாங்கி நிற்க வேண்டும் என்ற உறுதியான ஏற்பாடு கிடையாது. மீறியது யார் என்று விசாரிக்க யாரும் கிடையாது. கராபாக் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

பிறகு எப்படி 26 ஆண்டுகள் நின்றது? இரு தரப்பும் களைத்துப்போயிருந்தன என்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான பதில். ஆர்மீனியத் தரப்பு வேண்டியதற்கு மேலேயே பிடித்துவிட்டது. இன்னும் முன்னேற ஆளும் இல்லை, தேவையும் இல்லை. அசர்பைஜானிடம் படையே சிதறிக் கிடந்தது. அந்தச் சமநிலை இருக்கும்வரை தாள் நின்றது.

இருபத்தாறு ஆண்டுகள்

சமநிலையை மெல்ல மெல்ல அரித்தது எண்ணெய். 2006இல் பாகுவிலிருந்து ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்கு எண்ணெய்க் குழாய் முழுமையாகத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே அசர்பைஜானின் ராணுவச் செலவு ஆர்மீனிய அரசின் மொத்த வரவு செலவுத் திட்டத்தையே தாண்டியது. எல்லையில் யாரும் கவனிக்காத நேரத்தில், கணக்குப் புத்தகத்தில் போர்நிறுத்தம் கரைந்துகொண்டிருந்தது.

இந்தக் காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் மூன்றும் தலைமை தாங்கிய மின்ஸ்க் குழு, ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் சார்பில் நடுவராக இருந்தது. 1997இல் படிப்படியான தீர்வுக்கு ஆர்மீனிய அதிபர் லெவோன் தெர்-பெத்ரோசியான் இசைந்தார். சொந்த அமைச்சர்களே எதிர்த்து நின்றதால் 1998 பிப்ரவரியில் பதவி விலகினார். 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் அசர்பைஜான் அதிபர் ஹைதர் அலியேவும் ஆர்மீனிய அதிபர் ராபர்ட் கொச்சர்யானும் ஒப்பந்தத்தின் விளிம்புவரை போய்த் திரும்பினார்கள். 2007இல் தீர்வுக்கு அடிப்படையாக நடுவர்கள் முன்வைத்த மாட்ரிட் கோட்பாடுகள். 2011இல் கசான் நகரில் கையெழுத்து நிச்சயம் என்று எல்லோரும் எதிர்பார்த்துக் கைவிட்டுப்போன மாநாடு. நாடு திரும்பி மக்களிடம் சொல்லத் துணிவில்லாத ஒன்றை மேசையில் ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

முன்னரங்கில் நிலைமை என்ன? ஐரோப்பிய அமைப்பின் பார்வையாளர்கள் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவே இருந்தார்கள். போலந்தைச் சேர்ந்த தூதர் ஆந்த்ஜெய் காஸ்ப்ர்ஷிக் தலைமையில் அவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அகழிக் கோட்டைப் பார்வையிடுவார்கள். எந்த நாளில், எந்த இடத்துக்கு வருவார்கள் என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் துப்பாக்கி பேசாது. அவர்கள் வண்டி போனதும் பேசும். 2016 ஏப்ரலில் நான்கு நாள் சண்டை வெடித்தபோது, இருதரப்பு ராணுவத் தலைமை அதிகாரிகள் மாஸ்கோவில் வாய்மொழியாகவே போரை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் வியன்னாவில், பார்வையாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவோம், மீறல்களை விசாரிக்க ஓர் ஏற்பாடு செய்வோம் என்று பேசி முடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விசாரணை நடந்தால் தற்போதைய கோடு நிரந்தரமாகிவிடும் என்று பாகு அஞ்சியது. விசாரணை இல்லாமல் பேச மாட்டோம் என்றது யெரெவான்.

ஒரே ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் பலன் தந்தது. 2018இல் ஆர்மீனியாவில் மக்கள் எழுச்சியில் ஆட்சிக்கு வந்த நிகோல் பஷின்யானும் அசர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவும் அந்த செப்டம்பரில் துஷான்பே மாநாட்டின் இடைவெளியில் நின்றபடியே பேசி, இரு தரப்புக்கும் இடையே நேரடித் தொடர்பு வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்து வந்த மாதங்களில் முன்னரங்கில் சாவு வெகுவாகக் குறைந்தது. கையெழுத்தோ நடுவரோ இல்லை, ஆனாலும் குறைந்தது. இந்த முழு வரலாற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தரும் இடம் இதுதான். ஏனென்றால் அந்த நல்ல ஆண்டு வீணானது. 2019 ஆகஸ்டில் பஷின்யான் ஸ்டெபனகெர்ட் மைதானத்தில் நின்று, கராபாக் ஆர்மீனியாதான், அவ்வளவுதான் என்று முழங்கினார். அக்டோபரில் சோச்சியில் அலியேவ், கராபாக் அசர்பைஜான், ஆச்சரியக்குறி என்று பதில் கொடுத்தார். பேச இருந்த கொஞ்ச இடமும் அடைபட்டது.

மூன்று முறை நிறுத்தி, நிற்காத போர்

2020 செப்டம்பர் 27 காலை போர் தொடங்கியது. துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும் இஸ்ரேலியத் தாக்குதல் ட்ரோன்களும் ஆர்மீனியப் பீரங்கிகளை மேலிருந்தே தேடித் தேடி அடித்தன.

அக்டோபர் 9 இரவு மாஸ்கோவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களையும் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துப் பேசினார். மறுநாள் நண்பகல் 12 மணிக்குப் போர்நிறுத்தம் என்று முடிவானது. சில நிமிடங்களிலேயே இருபுறமும் குற்றச்சாட்டு. அன்றிரவே அசர்பைஜானின் கஞ்சா நகரக் குடியிருப்பில் ஏவுகணை விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். ஸ்டெபனகெர்ட்டில் மக்கள் நிலவறைகளை விட்டு வெளியே வர முடியவில்லை. பிரான்சின் முயற்சியில் 18ஆம் தேதி இன்னொன்று. வாஷிங்டனில் பேசி 26ஆம் தேதி காலை 8 மணிக்கு மூன்றாவது. மூன்றும் ஒரு நாள்கூட முழுதாக நிற்கவில்லை. மூன்றிலும் இருந்தது மனிதாபிமான நோக்கம் மட்டும்: உடல்களை மாற்றிக்கொள்வது, கைதிகளை மாற்றிக்கொள்வது. ஜெயித்துக்கொண்டிருப்பவன் ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் அவற்றில் இல்லை.

நவம்பர் 8 அன்று ஷூஷா வீழ்ந்ததை அலியேவ் அறிவித்தார். ஷூஷா மலையுச்சியில் இருக்கிறது. கீழே பள்ளத்தில் ஸ்டெபனகெர்ட். மேலே பீரங்கி வைத்தவன் கையில்தான் கீழே உள்ள ஊர். அடுத்த நாள் மாலை, ஆர்மீனிய எல்லைக்குள் யெராஸ்க் அருகே பறந்த ரஷ்ய ஹெலிகாப்டர் ஒன்றை அசர்பைஜான் தவறுதலாகச் சுட்டு வீழ்த்தி இருவர் இறந்தார்கள். சில மணி நேரத்தில், மாஸ்கோ நேரப்படி நள்ளிரவு முதல் போர்நிறுத்தம் என்று புதின் அறிவித்தார். 44 நாளில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 7,000 பேர் போயிருந்தார்கள்.

அந்த இரவு யெரெவானில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தி கேட்டுக் கொதித்த கூட்டம் அரசு மாளிகைக்குள்ளும் நாடாளுமன்றத்துக்குள்ளும் புகுந்தது. அவைத்தலைவர் அரரத் மிர்சோயானை காரிலிருந்து இழுத்துப் போட்டு மயங்கும்வரை அடித்தார்கள். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துகூட இல்லை. இந்தப் பெயரும் பின்னால் வரும்.

ஒன்பது அம்சங்கள்

2020 நவம்பர் அறிக்கை ஒன்பது அம்சங்கள் கொண்டது. ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். அக்தம் நவம்பர் 20க்குள், கெல்பஜார் 15க்குள், லாச்சின் மாவட்டம் டிசம்பர் 1க்குள் அசர்பைஜானிடம் திரும்ப வேண்டும். 1,960 ரஷ்ய அமைதிப்படையினர், 90 கவச வண்டிகள், ஐந்தாண்டுக் காலம். கராபாக்கையும் ஆர்மீனியாவையும் இணைக்க 5 கிலோமீட்டர் அகலத்தில் லாச்சின் வழித்தடம். நாட்களும் எண்களும் அவ்வளவு துல்லியம். சொல்லப்போனால் இதில் தேதி போட்ட வரிகள் பெரும்பாலும் நடந்தேறின. கெல்பஜாருக்கு மட்டும் பத்து நாள் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அந்தப் பத்து நாளில் அங்கே குடியிருந்த ஆர்மீனியர்கள் கதவு, ஜன்னல், தகரம் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். சிலர் கல்லறையைத் தோண்டித் தங்கள் பெரியவர்களின் எச்சங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும் முன் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 1993இல் அதே ஊரை விட்டு, பனி மூடிய கணவாய் வழியாக ஓடிய அசர்பைஜானியர்கள் திரும்பி வந்தபோது பார்த்தது சாம்பலையும் கண்ணிவெடியையும்.

தேதி இல்லாத வரிகளில்தான் சிக்கல். நான்காவது அம்சம், ஆர்மீனியப் படைகள் வெளியேறுவதோடு கூடவே அமைதிப்படை நிலைகொள்ளும் என்கிறது. ஆர்மீனியப் படைகள் என்றால் யார்? ஆர்மீனிய நாட்டின் படையா, கராபாக் ஆர்மீனியர்களின் படையா? ரஷ்ய மூலத்தில் உள்ள சொல்லுக்கு இரண்டு பொருளும் வரும். தமிழில் சொன்னாலும் அதே குழப்பம்தான். முதல் அம்சத்தில் ஆர்மீனியக் குடியரசு என்று தெளிவாக எழுதியவர்கள், நான்காவதில் அப்படி எழுதவில்லை. எங்கள் நாட்டுப் படைதான் வெளியேற வேண்டும், கராபாக் படை இருக்கும் என்றது யெரெவான். ஒரு ஆயுததாரியும் இருக்கக் கூடாது என்றது பாகு. 2023 செப்டம்பரில் பாகு தாக்கியபோது காட்டிய காரணங்களில் முதன்மையானது இந்த வரிதான்.

ஒன்பதாவது அம்சம், ஆர்மீனியா வழியாக அசர்பைஜானின் துண்டு நிலமான நக்சிவானுக்குப் போக்குவரத்துத் திறக்கும், ரஷ்ய எல்லைக்காவல் அதை மேற்பார்க்கும் என்றது. வழித்தடம் என்ற சொல் லாச்சினுக்கு உண்டு, இங்கே கிடையாது. ஆனால் அலியேவ் இதை சங்கேசூர் வழித்தடம் என்றே அழைக்கத் தொடங்கினார். ஆர்மீனியாவுக்கு அந்தச் சொல்லே தன் தெற்கு நிலம் கைவிட்டுப் போவதுபோல் கேட்டது. ஒரு சொல்லுக்காக ஐந்து ஆண்டுப் பேச்சு நின்றது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: அமைதிப்படை எதைச் செய்யலாம், எப்போது சுடலாம், வழித்தடத்தை யாராவது மறித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அதிகார வரையறை அறிக்கையில் இல்லை. பிறகு தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட வரையறை கடைசிவரை வரவே இல்லை. அவசரத்தில், பிணங்கள் விழுந்துகொண்டிருந்த இரவில் எழுதியது என்ற சமாதானத்தை நான் ஏற்கிறேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் அமைதியாக இருந்தபோதும் எழுதவில்லை என்பதற்குச் சமாதானம் இல்லை.

லாச்சின் சாலை

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அதன்பின் தெற்கு காகசஸில் ரஷ்யாவின் வாக்குக்கு முன்புபோல் கனம் இல்லை. செப்டம்பரில் அசர்பைஜான் படைகள் ஆர்மீனிய எல்லைக்குள்ளேயே ஜெர்முக் வரை அடித்தன. இரண்டே நாளில் இருதரப்பிலும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்கு வர வேண்டிய ரஷ்யத் தலைமையிலான ராணுவக் கூட்டணி வரவில்லை. ஆர்மீனியா மாஸ்கோவை விட்டு மனத்தளவில் விலகியது அங்கேதான். அக்டோபர் 6 அன்று பிராகில், 1991 அல்மா-அத்தா பிரகடனத்தின் அடிப்படையில் இரு நாடுகளும் ஒன்றின் எல்லையை ஒன்று மதிக்கும் என்று பஷின்யான் ஒப்புக்கொண்டார். சோவியத் எல்லையே நாட்டு எல்லை என்றால் கராபாக் அசர்பைஜானுக்குள் வருகிறது. அடுத்த ஆண்டு மே மாதம், கராபாக்கையும் சேர்த்து அசர்பைஜானின் பரப்பு 86,600 சதுர கிலோமீட்டர் என்று எண்ணையே சொல்லி அதை வெளிப்படையாக்கினார். அங்கே வாழும் மக்களுக்கு என்ன உத்தரவாதம் என்ற வரி இங்கும் எழுதப்படவில்லை.

2022 டிசம்பர் 12 அன்று, ஷூஷா அருகே லாச்சின் சாலையில் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்ற பெயரில் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. பாகு அரசின் ஆதரவு இல்லாமல் அது நடந்திருக்க வழியில்லை. அமைதிப்படையினர் கூட்டத்துக்கு எதிரே வரிசையாக நின்றார்கள், அகற்றவில்லை. எந்த உத்தரவின் பேரில் அகற்றுவார்கள்? கராபாக்கில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கூப்பன் வந்தது. 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் சாலையைத் திறக்க வகை செய்யும்படி அசர்பைஜானுக்கு உத்தரவிட்டது. ஏப்ரலில் அதே சாலையின் ஹகாரி பாலத்தில் அசர்பைஜானின் சோதனைச்சாவடி எழுந்தது. ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகளும் தடைபட்டன. ஆகஸ்டில் ஸ்டெபனகெர்ட்டில் ஒரு ரொட்டிக்கு விடிய விடிய வரிசை.

செப்டம்பர் 19 அன்று தாக்குதல். மறுநாள் பகல் ஒரு மணிக்குப் போர்நிறுத்தம்: கராபாக் படை ஆயுதத்தை ஒப்படைத்துக் கலைய வேண்டும். இந்த முறை வாசகத்தில் ஐயத்துக்கே இடமில்லை, தோற்றவனிடம் சொன்ன வாசகம் அது. அன்று அமைதிப்படை வண்டி ஒன்றே சுடப்பட்டு ரஷ்ய அதிகாரிகள் இறந்தார்கள். சாலை இப்போது திறந்தது, ஒரு திசையில் மட்டும். ஒரு வாரத்துக்குள் 1,00,000க்கும் மேற்பட்டோர், ஏறக்குறைய மொத்த மக்களும், லாச்சின் வழியாக ஆர்மீனியாவின் கோரிஸ் நகருக்கு இறங்கினார்கள். சில மணி நேரப் பயணத்துக்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது. வண்டிக்கு எரிபொருள் வாங்கக் கூடிய இடத்தில் கிடங்கு வெடித்து 200க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை என்று பாகு சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஒன்பது மாதம் பட்டினி போட்டு, பிறகு குண்டு போட்டவனின் வார்த்தையை நம்பி எந்தத் தாய் பிள்ளைகளோடு தங்குவாள்?

2024 ஜூனுக்குள் ரஷ்ய அமைதிப்படை முழுவதும் கிளம்பிவிட்டது. ஐந்தாண்டுத் தவணை முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. காவல் காக்க ஆள் இல்லை.

எல்லைக்கல்

இதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. நடுவர்கள் எல்லோரும் ஒதுங்கிய பின், இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பேசத் தொடங்கின. 2023 டிசம்பர் 7 அன்று பாகுவும் யெரெவானும் தாங்களே ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அசர்பைஜான் 32 ஆர்மீனியக் கைதிகளையும் ஆர்மீனியா 2 அசர்பைஜானியர்களையும் விடுவித்தன. பாகுவில் காலநிலை மாநாடு நடக்க ஆர்மீனியா தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டது.

2024 ஏப்ரலில், துணைப் பிரதமர்கள் ஷாஹின் முஸ்தஃபாயேவும் மெர் கிரிகோர்யானும் தலைமை தாங்கிய எல்லைக் குழுக்கள், தவுஷ் பகுதியில் 12.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு போட ஒப்புக்கொண்டன. 1990களின் தொடக்கத்திலிருந்து ஆர்மீனியா வசமிருந்த, ஆளற்ற நான்கு அசர்பைஜான் கிராமங்கள் திரும்பின. சோவியத் ராணுவத் தலைமையகத்தின் பழைய வரைபடங்களைத் தரையில் விரித்து, செயற்கைக்கோள் கருவியால் இடம் குறித்து, ஏப்ரல் 23 அன்று முதல் எல்லைக்கல்லை நட்டார்கள். 35க்கும் மேற்பட்ட ஆண்டுகள் பேசியதில் மண்ணில் ஊன்றிய முதல் கல் அது.

ஆர்மீனியாவின் கிரன்ட்ஸ் கிராமத்து மக்களுக்கு அந்தக் கல் கொல்லைப்புறத்தில் வந்து நின்றது. சாலையின் ஒரு துண்டு, சில வீடுகள், தோட்டங்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம் போயின. பேராயர் பக்ரத் கல்ஸ்தான்யான் தலைமையில் பல்லாயிரம் பேர் யெரெவானுக்கு நடந்தே வந்து பஷின்யான் விலக வேண்டும் என்றார்கள். அவர்களின் அச்சத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். மறுநாள் காலை எதிரி நாட்டுக் காவல்சாவடியைப் பார்த்து எழுவது எளிதில்லை. ஆனாலும் அந்த 12.7 கிலோமீட்டரில் கோடு எங்கே என்பதில் இரண்டு பொருள் இல்லை.

பதினேழு பிரிவுகள்

2025 மார்ச் 13 அன்று சமாதான உடன்படிக்கையின் வாசகம் முடிந்துவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தன. ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டனில், டிரம்ப் முன்னிலையில், இரண்டு வெளியுறவு அமைச்சர்கள் அதில் சுருக்கொப்பம் இட்டார்கள். அசர்பைஜான் சார்பில் ஜெய்ஹுன் பைரமோவ். ஆர்மீனியா சார்பில் அரரத் மிர்சோயான். ஐந்தாண்டுக்கு முன் காரிலிருந்து இழுத்து அடிக்கப்பட்ட அதே மனிதர்.

17 பிரிவுகள். சோவியத் எல்லையே எல்லை. படைபலம் கூடாது. இருநாட்டு எல்லையில் மூன்றாம் நாட்டுப் படை கூடாது. சர்வதேச நீதிமன்றங்களில் ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்குகள் திரும்பப் பெறப்பட வேண்டும். மின்ஸ்க் குழுவை மூடும்படி இரு தரப்பும் சேர்ந்து கேட்டு, அதுவும் மூடப்பட்டது. நக்சிவான் பாதைக்கு டிரம்ப் பெயரையே வைத்து, ஆர்மீனிய இறையாண்மையின் கீழ், அமெரிக்கப் பங்கேற்போடு அமைப்போம் என்று தனி அறிக்கையில் சொன்னார்கள். ஐந்து ஆண்டு இழுத்த சொல் சண்டை, வேறு பெயர் வைத்ததும் தணிந்தது. அக்டோபரில் ஆர்மீனியாவுக்குப் போகும் சரக்குகள் தன் நிலம் வழியாகக் கடப்பதற்கான தடையை அசர்பைஜான் நீக்கியது; கசகஸ்தான் கோதுமை ரயிலில் வந்தது.

சுருக்கொப்பம் முழுக் கையெழுத்து ஆகாது. ஆர்மீனிய அரசியலமைப்பின் முகவுரை 1990 சுதந்திரப் பிரகடனத்தைச் சுட்டுகிறது. அந்தப் பிரகடனம் கராபாக் இணைப்பைப் பேசும் 1989 தீர்மானத்தைச் சுட்டுகிறது. அதை மாற்றினால்தான் கையெழுத்து என்று பாகு நிற்கிறது. மாற்றுவதற்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். சுருக்கொப்பம் இட்ட நாளில் கராபாக்கின் முன்னாள் தலைவர்கள் உட்பட 23 ஆர்மீனியர்கள் பாகு சிறையில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கராபாக்கிலிருந்து வந்த 1,00,000 பேர் திரும்புவதைப் பற்றியும் இல்லை. 1988இல் ஆர்மீனியாவை விட்டு ஓடிய அசர்பைஜானியர்கள், பாகுவை விட்டு ஓடிய ஆர்மீனியர்கள் பற்றியும் இல்லை. 1994 தாளில் பெயருக்கு நேரே விட்ட காலியிடம் இங்கே இன்னும் பெரிதாக இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஒன்பதாம் பிரிவு வேறு மாதிரி. காணாமல்போனவர்களைத் தேட, தகவல் பரிமாற, கிடைத்த எச்சங்களைத் திருப்பித் தர இரு தரப்பும் அதில் கடமைப்பட்டிருக்கின்றன. முதல் போரில் காணாமல்போன அசர்பைஜானியர்கள் சுமார் 4,000 பேர். ஆர்மீனியத் தரப்பில் பல நூறு பேர். 2020க்குப் பிறகு எடில்லி போன்ற கிராமங்களில் தோண்டிய குழிகளில், கை கால் கட்டிய நிலையில் எலும்புகள் கிடைத்தன. அவை யாருடையவை என்று மரபணுச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. மீதிக் குழிகள் எங்கே என்று தெரிந்தவர்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்கள்.